கீரனின் செத்தவீடு

கீரன் என்று பெயரைச் சொன்னதும் பாலேந்திரா சிரித்துவிட்டான். வீடு பார்க்க வந்த இடத்தில் பல்லைக் காட்டலாமா என்று மனைவி தவமலர் அவன் முழங்கையில் கிள்ளினாள். ஆனால் பூனைமுடி மீசையோடு ஒரு வெள்ளைக்காரப் பெடியன் படிக்கட்டின் அடியில் நின்று, சங்கப் புலவனைப் போல "நான் கீரன்" என்று கையை நீட்டினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அந்தப் பெயர் எங்களுக்கும் உண்டு என்று பாலேந்திரா விளக்கப்போக, பெடியனும் சிரித்தான். மேல்மாடி அறை அன்றைக்கே கிடைத்தது. இது நடந்தது எண்பத்தாறில், லண்டன் டூட்டிங்கில், பெரிய வீதியிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளியிருந்த ஒரு வீட்டில்.

வீட்டுக்காரி நோரீன் டர்கன் கீரனின் தாய். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்தவள், மேற்கு அயர்லாந்தில் மேயோ என்ற இடத்துக்காரி. அவளை வெள்ளைக்காரி என்று சொன்னால் சும்மா இருப்பாள், இங்கிலீஷ்காரி என்று சொன்னால் எரிந்து விழுவாள். கண்டவன் எல்லாம் நீங்கள் இந்தியாக்காரரோ என்று கேட்கும்போது தனக்குள் ஏறுகிற சூடு தவமலருக்குத் தெரியும், அதனால் அவள் அந்தப் பிழையை இரண்டாம் தரம் விடவில்லை. நோரீன் பேசியது தன் ஊர் இழுவை கலந்த ஆங்கிலம். வருசக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, தவமலரின் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழத் தொடங்கிவிட்டது. இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறேன், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நோரீனின் புருசன் ஜோன், லண்டன் பாதாள ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிய ஆட்களில் ஒருவர். நெஞ்சில் தூசி அடைத்து, இவர்கள் குடிவருவதற்கு முந்திய வருசம் போய்ச் சேர்ந்துவிட்டார். உடலை மேயோவில்தான் புதைத்தார்கள். மிச்சம் இருந்தது நோரீனும் கீரனும் பின்முற்றத்தில் துருப்பிடித்த ஒரு பழைய வேனும்தான்.

கீரனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் உண்மை. படிப்பு ஏறவில்லை. சின்ன வயதில் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு உதவி செய்ய விட்டார்களாம், பிரசங்கம் முடிய முதலே குந்தியிருந்து நித்திரை கொண்டுவிடுவானாம். பதினாறு வயதில் தகப்பனின் கூட்டாளிகளோடு கட்டட வேலைக்குப் போய்ச் செங்கல் சுமந்தான், பிறகு குழாய் வேலைக்காரன் ஒருவனுக்குக் கையாளாக இருந்தான், பிறகு அந்த வேலையும் இல்லாமல் போயிற்று. ஆனால் வாய் மட்டும் எட்டூருக்குக் காணும். தவமலர் புட்டு அவித்தால் மணம் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வருவான். புட்டுக்கு மேலே தாய் வைத்த இறைச்சிக் குழம்பை ஊற்றிப் பிசைந்து அடிப்பான். அதைப் பார்க்கிற பாலேந்திராவுக்கு வயிற்றைப் பிரட்டும்.

"பாலா அண்ணை, உங்களுக்குச் சாப்பிடத் தெரியாது" என்பான். அண்ணை என்ற சொல்லை வீட்டுக்கு வந்துபோகிற தமிழ்ப் பெடியள் வாயிலிருந்து பிடித்துக்கொண்டான். தவமலரை அக்கா என்றான். மூத்தவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதில் அவளுக்கு மனம் குளிர்ந்துதான் போயிற்று.

பாலேந்திராவுக்குக் கார் ஓடப் பழக்கினதும் அவன்தான். சோதனையில் திரும்பத் திரும்பத் தோற்று, இனி இந்தச் சென்மத்தில் எனக்கு லைசென்ஸ் இல்லை என்று மனுசன் சோர்ந்துபோய் இருந்த காலம். கீரன் அந்தத் துருப்பிடித்த வேனைத் தட்டி எழுப்பி, அண்ணையை உள்ளே ஏற்றி, டூட்டிங் பெக் திடலைச் சுற்றிச் சுற்றி ஓடவைத்தான். கிளச்சை முட்டையை வைப்பது போல விடுங்கோ என்று கத்துவானாம். ஒருநாள் வேன் ஒரு பஸ் தரிப்பிடத்துக் கம்பத்தில் போய் முட்டியது. இறங்கிப் பார்த்த கீரன், "கம்பம் பிழையான இடத்தில நிக்குது அண்ணை" என்று சொல்லிவிட்டுத் தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு தாயிடம் ஏச்சு வாங்கினான். அடுத்த சோதனையில் பாலேந்திரா பாஸ். இன்றைக்கும் அந்த மனுசன் கிளச் மிதிக்கிறபோதெல்லாம் அவனை நினைப்பதாகச் சொல்வதுண்டு.

எண்பத்தேழு சித்திரையில் ஒரு பின்னேரம் அவன் மேலே வந்தான். அறையில் இருந்தது ஒரே கதிரை, அதில் பாலேந்திரா இருந்தான். கீரன் நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, பிரிட்டிஷ் ஆமியில் சேரக் கையெழுத்து வைத்துவிட்டேன் என்று சொன்னான்.

தவமலர் கையில் இருந்த கோப்பையை வைத்தாள். ஆமி என்ற சொல்லே அவளுக்கு வேறு. அந்த மாசியில்தான் ஊரில் அவளுடைய தம்பி இயக்கத்தில் இருந்து செத்தான். அவன் இயக்கத்துக்குப் போன செய்தியை வீட்டார் மூச்சுவிடாமல் மறைத்து வைத்திருந்தார்கள். யார் கேட்டாலும் கொழும்பில் வேலை என்று தாய் சொன்னாள். செத்த அன்றைக்குச் சுவர் எல்லாம் அவன் படம் போட்ட நோட்டீஸ். ஒலிபெருக்கி கட்டிய வண்டி சந்திக்குச் சந்தி பெயரும் ஊரும் சொல்லிக்கொண்டு போனது. உடல் கிடைக்கவில்லை. ஆனால் சனம் வந்தது, கேட்டுக்கு வெளியே வீதி வரைக்கும் நின்றது. அந்தச் சனத்தைப் பார்த்துத்தான் உயிர் பிடிச்சு வைச்சிருக்கிறன் என்று அம்மா எழுதியிருந்தா.

"உனக்கு விசரே?" என்று கேட்டாள் தவமலர்.

"வேலை இல்லை அக்கா. அவங்கள் எஞ்சின் வேலை பழக்குவாங்களாம். அப்பாவைப் போல நெஞ்சடைச்சுச் சாக என்னால ஏலாது."

நாடு, கொடி என்று ஒரு வார்த்தை அவன் பேசவில்லை. தம்பி நாட்டுக்காகப் போனான், இவன் ஒரு தொழில் பழகப் போனான். யாரோடு கோபிப்பது என்று தெரியாமல் தவமலர் அன்றிரவு சமைக்காமலே படுத்துவிட்டாள்.

கீழே நோரீன் சட்டி பானைகளைப் போட்டு உடைக்காத குறை. மகனோடு ஒரு கிழமை பேசவில்லை. பிறகு ஒருநாள் தவமலரைக் கீழே கூப்பிட்டு, "அவன் லீவில வந்தால் அந்த உடுப்பு உங்கட அலுமாரியில கிடக்கட்டும். கீழை சனம் வந்துபோற இடம்" என்றாள். தவமலருக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐரிஷ் இயக்கக்காரர் அந்தக் காலத்தில் லீவில் வந்த ஆமிக்காரரை இங்கிலாந்திலேயே சுட்டார்கள், வாகனத்துக்குக் கீழே குண்டு வைத்தார்கள். உயிரோடு இருக்கிறவனை மறைக்கத்தானே வேண்டும்? அவளுடைய அம்மாவும் அதைத்தானே செய்தா? கோயில் பெண்கள் மகன் எங்கே என்று கேட்டால் நோரீன் "ஜெர்மனியில வேலை" என்றாள். முகாம் ஜெர்மனியில்தான் இருந்தது. அதனால் அது தவமலருக்குப் பொய்யாகவே படவில்லை.

இப்படியே நாலு வருசம் போயிற்று. அவன் வந்தான், போனான், உயர்ந்தான், தோள் அகன்றது. ஒவ்வொரு முறையும் புட்டுக் கேட்டான். தொண்ணூறு கார்த்திகையில் வந்தபோது மட்டும் அதிகம் பேசவில்லை. வளைகுடாப் பாலைவனத்துக்கு, சண்டைக்கு அனுப்பப் போகிறார்கள் என்றான். போகிற அன்று பாலேந்திராவின் காரின் எண்ணெயை மாற்றிக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனான்.

அந்தப் பனிக்காலம் இருக்கிறதே, அதை நினைத்தாலே எலும்பு நோகும். ஊரில் சண்டை, கடிதம் இல்லை, தொலைபேசி இல்லை. ஆஸ்பத்திரியில் தவமலருக்கு விடிய வார்டு கூட்டித் துடைக்கிற ஷிப்ட், பாலேந்திராவுக்கு இரவில் பெற்றோல் ஸ்டேசன். இரண்டு பேரும் படிக்கட்டில்தான் சந்தித்துக்கொண்டார்கள். கீழே நோரீன் தொலைக்காட்சியின் சத்தத்தை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பாள். வேலை முடிந்து வருகிற தவமலர் கோட்டைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் இருப்பாள். பச்சை வெளிச்சத்தில் என்னவோ வெடிக்கும், யாரோ தளபதி தடியால் வரைபடத்தைக் காட்டுவான். ரயில் நிலையத்தில் ஐரிஷ்காரர் குண்டு வைத்த கிழமை, பஸ்ஸில் தன் பேச்சைக் கேட்டு ஒருத்தி எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டாள் என்று நோரீன் சொன்னாள். "என்ர மகன் அவளுக்காகத்தான் அங்கை நிக்கிறான் எண்டு சொல்ல வாய் வந்தது, சொல்லேல்லை" என்றாள். களைத்துப்போன குரலில்தான் சொன்னாள், கோபத்தில் அல்ல.

மாசிக் கடைசியில் கதவு தட்டினார்கள். ஷிப்ட் முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த தவமலரே போய்த் திறந்தாள். இரண்டு பேர், ஒருவர் பாதிரியார் கழுத்துப்பட்டியோடு. அவர்கள் வாயைத் திறக்க முதலே அவளுக்கு விளங்கிவிட்டது. தரைச் சண்டை தொடங்கி இரண்டாம் நாள் வண்டி கண்ணிவெடியில் ஏறியதாம். நோரீன் கதிரையை விட்டு எழும்பவில்லை. தவமலர் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். முன்னறையில் அவர்கள் தாழ்ந்த குரலில் என்ன பேசி முடித்தார்கள் என்பது அவள் காதில் விழவில்லை.

அவர்கள் போன பிறகு நோரீன் சொன்னது இவ்வளவுதான்.

"வியாழக்கிழமை கொண்டு வருவினம். ஒரு இரவு இஞ்சை வைச்சிட்டு ஊருக்குக் கொண்டு போறன். அவன் அப்பரோட படுக்க வேணும் மலர். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். அது ஒண்டு மட்டும் நடக்க வேணும்."

ஜோனின் தமையன் மார்ட்டின் மேயோவில் இருந்தார். அவருக்குப் போன் எடுத்தாயிற்று. அந்த ஊரில் குழி வெட்டக் கூலிக்கு ஆள் பிடிக்க மாட்டார்களாம். அயலவர்கள் தாங்களாக மண்வெட்டியோடு வந்து வெட்டுவார்களாம், ஒருவனைத் தனிய வெட்ட விடவும் மாட்டார்களாம். மார்ட்டின் ஆட்களுக்குச் சொல்லிவிட்டார் என்றாள் நோரீன். அந்தளவில் அவள் முகத்தில் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது.

அன்று பின்னேரம் ஒருவரும் வரவில்லை. மறுநாளும் இல்லை. திரைச்சீலை இழுத்துவிட்ட முன்னறையில் அந்த மனுசி ஒற்றையாய்க் கதிரையில் இருந்தாள். செத்தவீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று தவமலர் மேலே சமைத்துக் கீழே கொண்டுவந்து வைத்தாள், அது ஆறிக் கிடந்தது. இது என்ன சனம், இப்படியும் ஒரு செத்தவீடா என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது. பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. யாரும் போய்ச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் அது ஒரு முறை. கலியாணத்துக்கு அழைப்பு வேண்டும், செத்தவீட்டுக்குச் செய்தி போதும். ஆனால் அந்தச் செய்தியை இழவுகாரர் வீடுவீடாகக் கொண்டு போவதில்லை, பக்கத்தில் இருக்கிற ஒருவர்தான் போய்ச் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் பக்கத்தில் இருப்பது யார்? இரவு வேலைக்கு வெளிக்கிட்ட பாலேந்திராவிடம் கேட்டாள்.

"ஓம், அது எங்கட கடமைதானே. அந்த மனுசி எப்பிடிச் சொல்லும்? நீர் போய்ச் சொல்லும்" என்றான் அவன்.

"ஆமி எண்டதையும் சொல்லுறதோ?"

"செத்த பிறகு என்னத்தை ஒளிக்கிறது? உம்மட தம்பிக்கு ஒளிச்சவையே?"

அதுதான் அவள் மனதிலும் இருந்தது. உயிரோடு இருக்கும்வரை மூச்சு விடக் கூடாது, செத்த அன்று ஊருக்கே சொல்ல வேண்டும். தன் தம்பிக்கு நடந்தது அப்படித்தான். அதைவிட வேறு மாதிரி ஒரு போர்ச் சாவு இருக்கக் கூடும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க நியாயமும் இல்லை, அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த நாள் வேலை முடிந்த கையோடு, சாம்பல் நிறச் சேலைக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாள். முதலில் கோயில் வாசலில், பூசை முடிந்து வந்த பெண்களுக்குச் சொன்னாள். அவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு அவள் முகத்தைப் பாராமல் நின்றார்கள். துக்கம் என்று நினைத்தாள். பிறகு ஐரிஷ் இறைச்சிக் கடை. கடைசியாக, ஜோனின் ஒன்றுவிட்ட தம்பி டொமினிக் நடத்திய பப். கணவனே போகாத இடத்துக்கு ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் பட்டப்பகலில் நுழைவதாவது? வாசலில் நின்று, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கந்தா முருகா என்று உள்ளே போய்விட்டாள்.

உள்ளே இருட்டு, பியர் மணம், நாலைந்து கிழவர்கள். கல்லாவில் டொமினிக். அவள் எல்லாருக்கும் கேட்கும்படி, ஆஸ்பத்திரியில் பழகிய தன் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். நோரீன் டர்கனின் மகன் கீரன் சண்டையில் செத்துவிட்டான், வியாழக்கிழமை உடல் வீட்டுக்கு வருகிறது, எல்லாரும் வர வேண்டும்.

ஒருவர் தொப்பியைக் கழற்றினார். டொமினிக் மெதுவாகக் கேட்டார். "ஜெர்மனியில ஏதோ ஆக்சிடென்ற் எண்டு கேள்விப்பட்டம்."

"இல்லை இல்லை" என்றாள் தவமலர். அவன் வீண்சாவு சாகவில்லை என்று இவர்களுக்குத் தெரிய வேண்டாமா? "பிரிட்டிஷ் ஆமி. முன்னணியில நிண்டவன். நாலு வருசம்."

டொமினிக் ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்துத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த குவளை. "சொன்னதுக்கு நன்றி அம்மா" என்றார். அவள் கடமை முடித்த நிம்மதியோடு வீட்டுக்கு வந்து, சனம் வரும் என்று முன்னறையைக் கூட்டித் துடைத்து, மேலே இருந்த கதிரையையும் கீழே இறக்கி வைத்தாள்.

பின்னேரம் தொலைபேசி அடித்தது. நோரீன் எடுத்தாள். அதிகம் பேசவில்லை. ஓம் மார்ட்டின், ஓம், விளங்குது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு, ஐந்து வருசத்தில் முதல் முறையாக, படியேறி மேல் அறைக்கு வந்தாள். கட்டிலில் பாலேந்திரா நித்திரை. நோரீன் வாசலிலேயே நின்றாள்.

"நீயே போய்ச் சொன்னனீ?"

"ஓம். ஒருத்தரும் வரேல்லை, உங்களைத் தனிய விட்டுட்டினம், அதுதான்..."

"ஆமி எண்டும் சொன்னனீ."

தவமலர் வாசலுக்குக் கிட்ட வந்தாள். "அவைக்குத் தெரியாதே?" என்றாள்.

நோரீன் கதவு நிலையில் சாய்ந்தாள். "தெரியாதே? எல்லாருக்கும் தெரியும். அவன்ர தலைமயிர் வெட்டைப் பார்த்தால் குருடனுக்கும் தெரியும். டொமினிக்குக்குத் தெரியும், பாதருக்குத் தெரியும், மார்ட்டினுக்கு அவன் சேர்ந்த கிழமையே தெரியும். நாளைக்குப் பேப்பரில பேரும் வரும், அதையும் பார்ப்பினம். டர்கன் எண்டு ஊரில எத்தினை பேர் எண்டு சொல்லிப்போட்டுத் திருப்பி வைப்பினம்."

"அப்ப நான் என்ன..."

"தெரியும் மலர். ஆனா ஒருத்தரும் வாயால சொல்லேல்லை. சொல்லாமல் இருக்கிற வரைக்கும் அவங்கள் மண்வெட்டியோட வரலாம். ஜோன்ர சித்தப்பனை இந்த ஆமிதான் வீட்டு வாசலில வைச்சுச் சுட்டது, ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதில. சந்தியில கல்லில பேர் கிடக்கு. அதே மயானம். இனி அவங்கள் கேட்டதைக் கேக்கேல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது? மார்ட்டின் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. வெட்ட ஆள் இல்லை எண்டு சொல்லுறான்."

தவமலர் அழத் தொடங்கினாள். டொமினிக்கிடம் திரும்பிப் போகிறேன், எனக்கு ஆங்கிலம் சரியாக வராது, ஆளை மாறிச் சொல்லிவிட்டேன் என்று சொல்கிறேன் என்றாள். காலில் விழக்கூடத் தயாராக இருந்தாள்.

"போ, போய்ச் சொல்லு" என்றாள் நோரீன். "சொன்னதை எப்பிடியடி திருப்பி விழுங்கிறது?" ஏசவில்லை, அறையை விட்டு எழும்பச் சொல்லவும் இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். அன்று தனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது என்று தவமலர் பிறகு சொன்னாள். பாலேந்திரா கட்டிலில் எழும்பியிருந்து, நான்தானே போகச் சொன்னனான் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அதனால் ஒருவருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

முதலில் நோரீன் ஆமிக்காரரிடம் கேட்டது பிரிட்டிஷ் கொடி போடாத வெறும் பெட்டி. இப்போது ஊரில் குழி இல்லை, அடக்கம் டூட்டிங்கில்தான், தூக்கவும் ஆள் இல்லை. அதனால் அவர்களே வரட்டும், கொடியையும் போடட்டும் என்று சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை பெட்டி வீட்டுக்கு வந்தது. கோயில் சனம் கெட்ட சனம் இல்லை. இருட்டுப்பட்ட பிறகு பின்கதவால் ஒவ்வொருத்தியாக வந்து, கேக்கும் அவித்த இறைச்சியும் மேசையில் வைத்து, நோரீனின் கையைப் பிடித்துவிட்டு, ஒரு சொல்லும் இல்லாமல் போனார்கள். பெட்டி இருந்த அறைக்குள் இரண்டு மூன்று பேர்தான் எட்டிப் பார்த்தார்கள். இரவு முழுக்கக் காவல் இருந்தது நோரீனும் தவமலரும் பாலேந்திராவும். பிரேதம் இருக்கிற வீட்டில் அழாமல் இருக்கத் தவமலருக்குத் தெரியாது, அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டு ஒரு கட்டத்தில் வாய்விட்டு அழுதாள். நோரீன் அவளைத் தடுக்கவில்லை. என் பங்கையும் சேர்த்து அழு என்று மட்டும் சொன்னாள்.

கோயிலில் ஆறு சோல்ஜர்மார் தோளில் தூக்கினார்கள். பின்வாங்குகளில் சனம் இருந்தது. தவமலர் வெளியே வரும்போது வீதியின் மறுபக்கத்தில் கறுத்தக் கோட்டுப் போட்ட ஒரு உயர்ந்த கிழவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டாள். ஜோனின் படத்தில் உள்ள அதே மூக்கு. மார்ட்டின் வந்திருந்தார், உள்ளே வரவில்லை.

எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அன்று தவமலர் போனாள். சவக்காலை டூட்டிங்கிலேயே, பஸ் போகிற பாதையில்தான். பாதிரியார் செபம் சொன்னார், ஒருவன் ஊதுகுழல் ஊதினான், கொடியை மடித்து நோரீனின் கையில் கொடுத்தார்கள். சோல்ஜர்மாரின் வண்டி போனது. மண் தள்ளுகிற சின்ன யந்திரத்தோடு கவுன்சில்காரர் இரண்டு பேர் தள்ளி நின்று சிகரெட் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அப்போதுதான் மார்ட்டின் கேற்றடியில் இருந்து நடந்து வந்தார். நோரீனைப் பார்க்கவில்லை. கோட்டைக் கழற்றிப் பக்கத்துக் கல்லில் போட்டுவிட்டுக் கவுன்சில்காரனிடம் மண்வெட்டியைக் கேட்டு வாங்கினார்.

கிழவர் ஒற்றையாய் மண்ணைத் தள்ளத் தொடங்கினார். மூச்சு வாங்கியது. பாலேந்திரா தவமலரைப் பார்த்தான், பிறகு அவனும் ஒரு மண்வெட்டியை வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கத்தில் போய் நின்றான். கலியாணத்துக்குத் தைத்த கோட்சூட், சேற்றில் சறுக்கி ஒரு முழங்காலில் விழுந்து எழும்பினான். மார்ட்டின் நிமிர்ந்து ஒரு தரம் அவனைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். குழி நிரம்பும்வரை இரண்டு பேரும் மாறி மாறி மண்ணைத் தள்ளினார்கள்.

வீட்டுக்கு வந்து குசினி மேசையில் நாலு பேரும் இருந்தார்கள். தவமலர் தேத்தண்ணி ஊற்றினாள். மார்ட்டினின் கையில் மண் காய்ந்திருந்தது.

"பாதி வெட்டிப்போட்டம் நோரீன்" என்றார் அவர். "டொமினிக் போன் எடுத்த பிறகு ஒவ்வொருத்தனா மண்வெட்டியை மதிலில சாய்ச்சிட்டுப் போட்டாங்கள். ஒரு கூடாத வார்த்தை சொல்லேல்லை. நான் தனிய நிண்டு பார்த்தன். என்னால ஏலேல்லை." பிறகு தவமலரின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ ஒண்டும் சொல்லாமல் இருந்திருந்தால் நானே அவனைத் தோளில தூக்கியிருப்பன்."

அவர் அதைப் பழியாகச் சொல்லவில்லை. இருந்தும் தவமலரால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"ஜோனுக்குப் பக்கத்தில இருக்கிறது உன்ர இடம். அதைத்தான் அவனுக்குக் குடுத்தனீ" என்று மார்ட்டின் நோரீனிடம் சொன்னார். "அது திரும்ப உனக்கெண்டே இருக்கும். நான் பார்த்துக்கொள்ளுறன்."

நோரீன் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். "வேண்டாம். போய் மூடிவிடு" என்றாள்.

"நோரீன்."

"ஜோனுக்குப் பக்கத்தில தாய் இருக்கிறா, தகப்பன் இருக்கிறார், நாளைக்கு நீயும் வருவாய். இவனுக்கு இந்த ஊரில ஆர் இருக்கு? நான் இஞ்சை இவனோடதான்."

தவமலர் அழுகையை மறைக்கத் தண்ணீர்க் குழாயடிக்குப் போய், கழுவின கோப்பையையே திரும்பக் கழுவினாள். என்னால்தான், என்னால்தான் என்று தமிழில் தனக்குள் சொல்லிக்கொண்டு நின்றாள். நோரீனுக்கு அது விளங்கியிருக்க வேண்டும்.

"மலர், இஞ்சை வா. வந்து இரு" என்றாள்.

அவள் வந்து இருந்தாள்.

"நான் செத்தால் நீதான் போய்ச் சொல்லவேணும். கோயிலடியில, கடையில, பப்பில, எல்லா இடமும். அண்டைக்குச் சொன்ன மாதிரி எல்லாருக்கும் கேக்கச் சொல்லு. ஆர்ர தாய் எண்டதையும் சேர்த்துச் சொல்லு."